பேனாவும் ஸ்பானரும்



எழுதிப் பிழைப்பது மேல், கையால் உழைத்துப் பிழைப்பது கீழ் என்னும் எண்ணம் நம்மவரிடையே எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கின்றது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேனா பிடிக்கும் விரலில் மை ஒட்டியிருந்தால் அது படிப்பின் அடையாளம். ஸ்பானர் பிடிக்கும் விரலில் எண்ணெய் ஒட்டியிருந்தால் அது தாழ்வின் அடையாளம். இரண்டும் கறைதானே, சோப்புப் போட்டுக் கழுவினால் இரண்டும் போய்விடுமே என்று கேட்பார் இல்லை. இவ்விஷயத்தைக் குறித்து மேடைகளில் பேசப்பட்ட பேச்சுக்களுக்குக் கணக்கில்லை. நான் பேச்சாளன் அல்லன். கிள்ளானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ஆகவே தத்துவங்களை அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, ஒரு பழைய மோட்டார்க் காரின் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றிய விவரத்தைச் சொல்லி, அதிலிருந்து எனக்குப் புலப்பட்டதை உங்கள் முன் வைக்கின்றேன்.

கிராணி என்பது 'கெரானி' என்னும் மலாய் வழக்கை ஒட்டி இந்நாட்டுத் தமிழர் வழங்கும் பெயர். பழைய தோட்டங்களில் மேலே துரை, கீழே தொழிலாளி, நடுவே கிராணி என்று அமைந்திருந்தது. ஆங்கிலம் கற்றவன் என்னும் ஒரே தகுதியால் அவன் நடுவில் நின்றான். காலைப் பெரட்டில் பெயர் பதிவதும், கூலியைக் கணக்கிடுவதும், துரையின் கட்டளையைத் தமிழில் சொல்வதும் அவன் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வந்த பலர் இவ்வேலையில் அமர்ந்தனர். இரயில்வேயிலும் இதே கதைதான். 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இருப்புப் பாதை திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸ், காலப்போக்கில் இரயில்வே ஊழியர் குடியிருப்பாயிற்று. அங்கே பேனா பிடித்த தமிழனும் சம்மட்டி பிடித்த தமிழனும் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள். ஆனால் ஒரே திண்ணையில் உட்கார்ந்தார்கள் என்று சொல்லுவதற்கில்லை.

இந்த மேல்கீழ் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரு சான்று போதும். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், கள்ளுக் கடைகளை மூட வேண்டும் என்றெல்லாம் அவர்கள் கேட்டார்கள். அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரைமாரும் கிராணிமாரும் எதிர்ப்படும்போது சைக்கிளை விட்டு இறங்காமலே செல்லும் உரிமை வேண்டும் என்பதே அது. தலைவராயிருந்த ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். இரண்டு சக்கரத்தின்மேல் நிமிர்ந்து உட்காரும் உரிமையும் அப்போராட்டத்தில் ஒரு கோரிக்கையாய் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒருவன் ஏறியிருக்கும் வண்டி அவனுடைய மதிப்பின் அளவுகோலாயிற்று. இன்றும் அந்த அளவுகோல் முறிந்துவிடவில்லை. சைக்கிள் போய்க் கார் வந்திருக்கின்றது, அவ்வளவே.

நிற்க, என் காருக்கு வருகின்றேன். அது 2004-ஆம் ஆண்டைச் சேர்ந்த மெர்சிடிஸ் பென்ஸ் ஈ 240. புதிதாய் வந்த காலத்தில் என் போன்றவன் அதன் கதவைத் தொட்டுப் பார்ப்பதே அரிது. நான் வாங்கியது மூன்று கை மாறிய பின்பு, 18,000 வெள்ளிக்கு. ஒரு கிராணிக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்போர் உண்டு. என் தாயாருக்கு முழங்கால் வாதம். மாதம் இருமுறை பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள என் தமக்கையார் வீட்டுக்குச் சென்று, அங்கிருந்து வைத்தியரிடம் போய் வர வேண்டும். சிறிய கார்களில் மடங்கி உட்கார்ந்து எழுந்திருக்க அவரால் இயலவில்லை. இந்த வண்டியில் அவர் முனகாமல் ஏறி இறங்குகின்றார். முகப்பிலுள்ள மூன்று முனை நட்சத்திரத்தைக் கண்டு சிலர் எனக்கு அதிகப்படியாக வணக்கம் சொல்லுகின்றார்கள். அது நான் விலை கொடுத்து வாங்கியதன்று. வண்டியோடு இலவசமாக வந்தது.

ஒரு நாள் தாயாரை ஏற்றிக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையில் செல்லுகையில் வண்டி குளிர்சுரக்காரனைப் போல் நடுங்கத் தொடங்கிற்று. ஏற்றத்தில் இருமிற்று. ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெல்ல ஊர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் சேர்ந்து, மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். அங்கே ஒரு சிறு கருவியை வண்டியில் செருகிப் பார்த்துவிட்டு, மூன்றாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை என்றார்கள். அதன்பின் தாளில் எழுதிக் கொடுத்த கணக்காவது: காயில்கள் 6, பிளக்குகள் 12, கம்பிகள், கூலி, ஆக 3,600 வெள்ளி. மூடியைத் திறந்து ஒரு பிளக்கையாவது எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "இது பென்ஸ், சார். எல்லாவற்றையும் மாற்றுவதுதான் முறை" என்று மறுமொழி வந்தது. காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு! நான் வண்டியைத் தோட்டத்துக்கே கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்பார்க் பிளக்கு என்பது என்ன? இயந்திரத்தின் தலைக்குள் திருகி வைக்கப்படும் விரலளவான ஒரு பொருள். நடுவே ஓர் உலோகக் கம்பி, அதைச் சூழ்ந்து வெண்மையான பீங்கான், அதைச் சூழ்ந்து மறையிட்ட இரும்பு, நுனியில் வளைந்த ஒரு சிறு கொக்கி. கம்பி முனைக்கும் கொக்கிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பாட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் என்னும் சுருள் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகின்றது. அம்மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கையில் பொறி பறக்கின்றது. அப்பொறியில் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி பற்றி எரிகின்றது. அந்த எரிச்சலின் உந்துதல்தான் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. இயந்திரம் நிமிஷத்துக்கு 2,000 தடவை சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் நிமிஷத்துக்கு 1,000 பொறிகளை உதிர்க்க வேண்டும். என் வண்டியிலோ ஆறு சிலிண்டர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டாகப் பன்னிரண்டு பிளக்குகள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம் பொறிகள்! இத்தனை உழைப்பும் மூடிக்குள்ளே நடக்கின்றது. வெளியே தெரிவது நட்சத்திரம் மட்டுமே. தோட்டத்தின் நிலையும் இதுதானே என்று எனக்குத் தோன்றிற்று.

பொறியால் இயந்திரத்தை ஓட்டும் இந்த வித்தைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1860-ஆம் ஆண்டில் லெனுவார் என்பவர் தம்முடைய வாயு இயந்திரத்தில் மின்பொறியைப் பயன்படுத்தினார். கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்கு உரிமம் கோரியது 1886-ஆம் ஆண்டில், அதாவது நமது கிள்ளான் பாதையில் இரயில் ஓடத் தொடங்கிய அதே ஆண்டில். 1902-ஆம் ஆண்டில் ராபர்ட் பாஷ் கம்பெனியில் ஹோனோல்டு என்னும் பொறியியலாளர் உயர்ந்த வோல்ட் தரும் மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் சேர்த்து அமைத்தார். இவ்வரலாற்றில் என் மனத்தைக் கவர்ந்தவர் ஒரு பெண்மணி. பென்ஸின் மனைவியாரான பெர்த்தா பென்ஸ், 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டில், கணவருக்குத் தெரிவிக்காமலே தம் இரு மைந்தருடன் அவ்வண்டியில் மான்ஹைமிலிருந்து போர்ஷைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்தித் திறந்தார். பொறிக்கு மின்சாரம் தரும் கம்பி உராய்ந்து பழுதானபோது காலுறை கட்டும் நாடாவைச் சுற்றிக் காப்பிட்டார். மோட்டார் வண்டியை நடுவழியில் முதன்முதலாகப் பழுது பார்த்தவர்களுள் ஒரு பெண் இருந்தாள் என்பதை, 'பெண்ணுக்கு இயந்திரம் எதற்கு' என்போர் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தோட்டத்து டிராக்டர் பட்டறையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கின்றார். அவருடைய தகப்பனார் கிள்ளான் பக்கத்தில் பால்மரம் வெட்டியவர். கிராணியைக் கண்டதும் சைக்கிளை விட்டுக் குதித்து இறங்கிய காலத்தவர். பெரியவரிடம் சென்று, "ஐயா, இந்த வேலையை நாம் இருவரும் சேர்ந்து செய்யலாமா?" என்று கேட்டேன். "பென்ஸை நான் தொட்டதில்லை, கிராணி ஐயா. ஆனா பிளக்கு எல்லாம் பிளக்குதான்" என்றார். என்னைவிட முப்பது வயது மூத்தவர் என்னை 'ஐயா' என்கின்றார். வேண்டாம் என்று எத்தனையோ முறை கேட்டுக்கொண்டேன். நாக்கில் ஊறிய பழக்கம் என்று சிரித்துவிடுகின்றார். பழக்கம் என்பது எளிய சொல். அதற்குப் பின்னால் இருப்பது எளிதன்று.

கிள்ளானில் ஓர் உதிரிப் பொருள் கடையில் பன்னிரண்டு பிளக்குகளை 360 வெள்ளிக்கு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, இயந்திரம் நன்றாகக் குளிர்ந்திருந்த வேளையில் பெரியவர் வந்தார். கூடவே பள்ளி இறுதித் தேர்வு முடித்த அவருடைய பேத்தியும் வந்தாள். அவள் கையில் டார்ச்சு விளக்கு. சூடான அலுமினியத் தலையில் பிளக்கைத் திருகினால் மறை பிய்ந்துவிடும் என்று நான் ஆங்கிலப் புத்தகத்தில் படித்திருந்தேன். பெரியவர் புத்தகம் படித்தவரல்லர். ஆயினும் வந்தவுடன் இயந்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார்.

முதலில் பிளக்குகளைச் சுற்றியிருந்த தூசியைக் காற்றடித்து ஊதினார். இல்லையேல் பிளக்கு வெளிவரும்போது மண் உள்ளே விழும் என்றார். பிறகு தொப்பிகளைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல், அடியில் ஸ்பானரைக் கொடுத்து மெல்ல நெம்பிக் கழற்றினார். பேத்தி ஓர் அட்டைப் பெட்டியில் பன்னிரண்டு துளையிட்டு எண் எழுதி வைத்திருந்தாள். எடுத்த பிளக்கை அந்தந்தத் துளையில் செருகினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. "எது எந்த வீட்டுக்காரன்னு தெரிஞ்சாத்தானே நோயைச் சொல்ல முடியும்?" என்றாள். அவள் சொன்னது உண்மை. பிளக்கின் நுனி வெளிர்ப் பழுப்பாயிருந்தால் சிலிண்டர் சுகமாயிருக்கின்றது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிகுதி. பிசுபிசுவென்றிருந்தால் எண்ணெய்க் கசிவு. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போல்தான்.

"ஒரு சிலிண்டருக்கு எதுக்கு ரெண்டு பிளக்கு, தாத்தா?" என்று அவள் கேட்டாள். பெரியவர் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று வால்வுகள் வைத்த அமைப்பில், இரண்டு இடத்தில் தீ மூட்டினால் சுவாலை குறைந்த தூரம் ஓடினால் போதும், ஆவி முழுமையாகவும் விரைவாகவும் எரியும் என்று படித்ததைச் சொன்னேன். "அப்போ ரெண்டு பக்கமும் அடுப்பு மூட்டற மாதிரி" என்று பெரியவர் தலையசைத்தார். புத்தகம் நான்கு பக்கங்களில் சொன்னதை அவர் நான்கு சொல்லில் முடித்தார்.

பன்னிரண்டில் பத்துப் பிளக்குகள் அதிகத் தொல்லையின்றி வந்தன. மூன்றாவது சிலிண்டர் ஓட்டுநர் பக்கத்து வரிசையின் பின்கோடியில், இயந்திரத்தையும் உள்ளறையையும் பிரிக்கும் தகட்டுத் தடுப்பை ஒட்டி ஒளிந்திருந்தது. உழைத்துத் தடித்த பெரியவரின் கை அங்கே நுழையவில்லை. என் கையும் பாதியிலே நின்றது. பேத்தி விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள். கண்ணால் பார்க்க முடியாத இடம், விரல்தான் கண். கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டும் வெளியே வந்தன. ஒன்றின் பீங்கானில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு. மற்றொன்றின் முனை தேய்ந்து இடைவெளி மிகவும் அகன்றிருந்தது. நோய் இதுவே. காயில்கள் ஆறும் நலமாகவே இருந்தன.

புதிய பிளக்குகளைப் பெரியவர் ஸ்பானர் வைக்காமல் முதலில் விரலால் திருகினார். மறை நேராகப் பிடித்தால் விரலுக்கே வழிவிடும், முரண்டு பிடித்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் விதி. பின்பு ஸ்பானரால் சிறிது இறுக்கினார். புத்தகத்தில் சொன்ன முறுக்கு அளவு 28 நியூட்டன் மீட்டர். அதை அளக்கும் ஸ்பானரை நான் இரவல் வாங்கி வைத்திருந்தேன். பெரியவர் இறுக்கிய பிளக்கில் அதைப் பொருத்தி அழுத்தினேன். விரல் நகத்தளவு அசைந்ததும் 'டிக்' என்று ஒலித்தது. அவர் மணிக்கட்டுக்கும் ஜெர்மனி தேசத்துக் கணக்குக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். மூடியைப் போட்டுச் சாவியைத் திருப்பினோம். நடுக்கம் இல்லை. என் தாயார் வாசலுக்கு வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பழைய குரல் வந்திடுச்சு" என்றார்.

தேநீர் அருந்துகையில் பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கிராணி ஐயா, நீங்க பெரிய ஆபீசிலே ஒரு வார்த்தை சொன்னா இவளுக்குக் கணக்கெழுதற வேலை கிடைச்சிடும். மோட்டார் படிக்கப் போறேன்னு நிக்கிறா. என்னை மாதிரி எண்ணெய்க் கையோட இவ நிக்கக் கூடாது." பேத்தி தலை குனிந்தபடி, "அந்த ரெண்டு பிளக்கை எடுத்தது இந்தக் கைதானே, தாத்தா" என்றாள். பெரியவர் வாய் திறக்கவில்லை.

அன்பர்களே, இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். தம் தொழிலின் நுட்பத்தை எல்லாரினும் நன்கு அறிந்த அவரே தம் பேத்திக்கு அத்தொழில் வேண்டாம் என்கின்றார். இது அறியாமையா? அன்று. முப்பது ஆண்டு அவர் கை செய்த வேலைக்கு உலகம் கொடுத்த மரியாதையின் கணக்கைக் கூட்டிப் பார்த்து அவர் கண்ட விடை அது. டிராக்டர் ஓடியபோது பாராட்டு அலுவலகத்துக்குப் போயிற்று. நின்றபோது ஏச்சு பட்டறைக்கு வந்தது. 'வாடா, போடா' என்று விளித்தவர்களில் அவர் மகன் வயதினரும் உண்டு. அவரிடம் போய் 'உழைப்பே உயர்வு' என்று உபதேசம் செய்ய எவனுக்கு நெஞ்சு வரும்? கைத்தொழிலைப் புகழ்ந்து எழுதும் பேனாக்காரர்களில் எத்தனை பேர் தம் பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்புகின்றார்கள்?

ஆகவே நான் உபதேசம் செய்யவில்லை. கணக்கன் ஆதலால் கணக்கையே சொன்னேன். எங்கள் அலுவலகத்தில் முன்பு நாலு பேர் எழுதிய பேரேட்டை இன்று ஒரு கம்ப்யூட்டரும் ஒருவரும் முடித்துவிடுவதைச் சொன்னேன். மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிற்பயிற்சிக் கழகங்களில் மோட்டார்த் தொழில் கற்கலாம் என்பதையும், மலேசியத் திறன் சான்றிதழில் படிப்படியாக உயர்ந்து டிப்ளோமா வரை செல்லலாம் என்பதையும் சொன்னேன். பட்டறைக்காரர் கூலிக்கென்று எழுதியிருந்த தொகையை ஒரு காசும் குறைக்காமல் எடுத்து இருவர் முன்னும் வைத்தேன். பெரியவர் வேண்டாமென்றார். "இது தானமன்று, ஐயா. வெளியார் கேட்ட விலை. பாதி உங்களுடையது, பாதி அவளுடையது" என்றேன். பேத்தி வாங்கிக்கொண்டாள், அவள் உழைத்துப் பெற்ற முதற் பணம் அது.

பெரியவர் ஒரு வாரம் தவணை கேட்டார். இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்கு வந்து, "அங்கே பொம்பளைப் பிள்ளைங்களுக்குத் தங்க இடம் இருக்குமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே அவர் மனம் மாறியது தெரிந்தது. விசாரித்துச் சொன்னேன். விண்ணப்பத்தை நான் ஆங்கிலத்திலும் மலாயிலும் சரிபார்த்தேன். பாதுகாவலர் என்னும் இடத்தில் அவர் தமிழில் கையொப்பமிட்டார். பதில் இன்னும் வரவில்லை. நாள்தோறும் அவள் அலுவலக வாசலில் சைக்கிளை நிறுத்தி, 'கடிதம் வந்ததா, அண்ணே?' என்று கேட்டுப் போகின்றாள். தாத்தா 'ஐயா' என்பவனைப் பேத்தி 'அண்ணே' என்கின்றாள். இதுவும் ஒரு முன்னேற்றமே.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடுவை நீங்கள் அறிவீர்கள். 1893-இல் பிறந்த அவர் பள்ளிப் படிப்பில் நெடுந்தூரம் சென்றவரல்லர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைத் தாமே துண்டு துண்டாகப் பிரித்து, தாமே மறுபடியும் பூட்டிக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கிப் பெருந்தொழிலதிபரானார். 1945-இல் கோயமுத்தூரில் தொழிற்கல்விக் கூடம் தோன்றவும் காரணமாயிருந்தார். அவர் பிரித்த வண்டியைப் பிரிக்க வேண்டாம், அழுக்காகிவிடும் என்று எவரேனும் அந்த இளைஞனைத் தடுத்திருந்தால் நமக்கு ஏற்பட்டிருக்கும் நஷ்டம் எவ்வளவு? அவ்வாறு தடுக்கப்பட்டு, பெயர் தெரியாமலே போன இளைஞர்களும் பெண்களும் எத்தனை பேர்?

புத்தகம் படித்தவன் கையை அசைப்பதில்லை. கை வல்லவனுக்குப் புத்தகம் எட்டுவதில்லை. இவ்விரண்டையும் பிரித்து வைத்ததால் நாம் பெற்ற பயன், 360 வெள்ளி வேலைக்கு 3,600 வெள்ளி கொடுப்பதே. இரண்டும் சேரும் இடத்தில்தான் ஒரு சமூகம் தன் காலில் நிற்கும். அதற்குப் பெரிய மாநாடுகள் வேண்டா. உங்கள் வண்டியைப் பழுது பார்ப்பவரை வயதுக்குத் தக்க முறை சொல்லி அழையுங்கள். வைத்தியருக்கும் வக்கீலுக்கும் பேரம் பேசாத நீங்கள் அவர் கூலியிலும் பேரம் பேசாதீர்கள். வண்டியின் மூடியைத் திறக்கும்போது மகனை மட்டுமன்றி மகளையும் அருகே அழைத்து விளக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். அவள் கேள்வி கேட்டால் விளக்கை நீங்கள் வாங்கிக்கொண்டு, ஸ்பானரை அவளிடம் கொடுங்கள்.